அளவு காணாத மின்சாரமும் இறவைக் குடியானவரும்

கிணற்றிறவையை நம்பிய குடியானவருக்கு முற்காலத்தில் தண்ணீரின் விலை எருதின் விலையாகவே இருந்தது. நாற்பதடி ஆழக் கிணற்றில் கவலை பூட்டி விடியற்காலை முதல் உச்சிவேளை வரையில் இறைத்தாலும் ஓர் ஏக்கர் நனைவது அரிது. எருதுக்குத் தீனி, ஆளுக்குக் கூலி, தோற்சாலுக்கும் வடத்துக்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தவர்களே அந்தத் தண்ணீரின் உண்மையான மதிப்பை அறிந்திருந்தனர். நீலகிரியில் ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீரைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கும் பைகாரா வேலை 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1932-ஆம் ஆண்டில் விசை கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்து சேர்ந்தபோது, அதனால் பயனடைந்தவை பஞ்சாலைகள் மட்டுமல்ல. கிணற்றங்கரைக்கும் கம்பி வந்தது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-ஆம் ஆண்டில் மின்சார வாரியம் ஏற்பட்ட பின்பு கம்பி செல்லாத கிராமங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இன்று தமிழ்நாட்டில் இறவைக்கென்று கொடுக்கப்பட்டுள்ள மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேற்பட்டவை. கவலைச் சாலைக் கண்ணால் கண்டிராத குடியானவர்களும் இப்பொழுது வேளாண்மை செய்கின்றனர்.

இவ்வளவு பெரிய நன்மையைப் பெற்ற பின்னரும், கிராமங்களில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கேட்பது முறையீடேயாகும். மோட்டார் எரிந்தது, டிரான்ஸ்பார்மர் புகைந்தது, அழுத்தம் போதவில்லை, நடுநிசியில் மடை திருப்பப் போக வேண்டியிருக்கிறது என்பனவே அம்முறையீடுகள். இவற்றுக்குக் காரணம் மின்சாரப் பற்றாக்குறை என்றே பலரும் கருதுகின்றனர். 2012-ஆம் ஆண்டில் இம்மாகாணம் பட்ட சிரமத்தை நினைக்குங்கால் அக்கருத்தில் நியாயமில்லையென்று சொல்ல இயலாது. ஆயினும், 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்னிந்திய மின்தொகுப்பு ராய்ச்சூர்-சோலாப்பூர் பெருவழியால் வடநாட்டுத் தொகுப்புடன் இணைக்கப்பட்டது. அதன் பின்பு, ஓரிடத்தில் குறைந்ததை மற்றோரிடத்திலிருந்து வரவழைக்கும் வசதி பெருகிற்று. காற்றாலைகளும் சூரிய ஒளி நிலையங்களும் நாளுக்குநாள் பெருகி வருகின்றன. அங்ஙனமிருந்தும் கடைக்கோடிக் கிணற்றில் மோட்டார் எரிவது நிற்கவில்லை. ஆகவே குறை முழுவதும் உற்பத்தியில் இல்லை. அது கடைசி இரண்டு மைல் கம்பியில் இருக்கிறது.

துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட்டு அழுத்தத்தில் புறப்படும் மின்தடம் பீடர் எனப்படும். அது கிராமத்தை அடைந்து டிரான்ஸ்பார்மரில் ஏறக்குறைய 400 வோல்ட்டாக இறக்கப்பட்டு, அங்கிருந்து கம்பம் கம்பமாகத் தோட்டங்களுக்குச் செல்லுகிறது. ஒரே அளவான விசையை ஒரே பருமனுள்ள கம்பியில் 400 வோல்ட்டில் அனுப்பும்போது, 11,000 வோல்ட்டில் அனுப்புவதைக் காட்டிலும் எழுநூறு மடங்குக்கு மேல் வெப்பமாக வீணாகின்றது. மின்னோட்டம் இரட்டித்தால் நஷ்டம் நான்கு மடங்காகும் என்னும் நியதியே இதற்குக் காரணம். தாழ்வழுத்தக் கம்பி எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு வழியிலேயே விசை உண்ணப்பட்டுப் போகும். முதற் கம்பத்தருகில் உள்ளவர் குறைகூறக் காரணமில்லாதிருக்க, கோடிக் கிணற்றுக்காரருக்கு எஞ்சியது கிடைக்கிறது. வாய்க்காற் பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அழுத்தம் நூற்றுக்கு இருபது குறைந்தால் மோட்டாரின் திருப்புவிசை நூற்றுக்கு முப்பத்தாறு குறையும். பளு மட்டும் குறையாது. ஆதலால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, சுருள் எரிந்து போகிறது. எரிந்த மோட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுசென்ற குடியானவர், தாழ்ந்த அழுத்தத்திலும் ஓடும்படி பருத்த கம்பியால் சுற்றித் தரும்படி கேட்கிறார். சிலர் 5 குதிரைச்சக்திக்கு அனுமதி பெற்று 7½ குதிரைச்சக்தி மோட்டாரை மாட்டுகின்றனர். தனியொருவர் செய்தால் அவருக்குப் பயன் தரும் இந்த உபாயத்தை ஊரார் எல்லோரும் கைக்கொள்ளும்போது அழுத்தம் முன்னிலும் தாழ்ந்து விடுகிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று 5 குதிரைச்சக்தி மோட்டார்களில் ஏறத்தாழ பதினாறை ஒரே சமயத்தில் தாங்கும். அதன்மேல் இருபத்தைந்து மோட்டார்கள் ஏறினால் அது எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. எரிந்த டிரான்ஸ்பார்மர் மாற்றப்படும் வரையில் பயிர் காத்துக்கொண்டிராது. கதிர் பால்பிடிக்கும் தருணத்தில் பத்து நாள் நீரின்றிக் காய்ந்த வயலின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்குப் பரிகாரம் அறியப்படாததன்று. பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றை ஊர் நடுவில் நிறுத்தித் தாழ்வழுத்தக் கம்பியை நெடுந்தூரம் இழுப்பதை விட்டு, 11,000 வோல்ட்டுக் கம்பியையே கிணறுகளின் பக்கத்திற்குக் கொண்டுசென்று, இரண்டு மூன்று பம்புகளுக்கு ஒன்றாகச் சிறு டிரான்ஸ்பார்மர்களை அமைப்பதே அது. ஆந்திர தேசத்தில் இம்முறை பெருமளவில் கைக்கொள்ளப்பட்டது. இங்கும் சில பகுதிகளில் செய்யப்பட்டிருக்கிறது. நஷ்டம் குறைதல், அழுத்தம் சீர்படுதல் என்னும் இரண்டு நன்மைகளோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. மூன்று பேருக்குப் பொதுவான டிரான்ஸ்பார்மரை அம்மூவரும் தமது சொத்தைப் போலக் காக்கின்றனர். இருபத்தைந்து பேருக்குப் பொதுவானதை ஒருவரும் காப்பதில்லை. முதற்செலவு அதிகம் என்பதும், சிறு டிரான்ஸ்பார்மர்கள் பல இருப்பின் பளுவில்லாத வேளையிலும் அவை சிறிது விசையை உண்டுகொண்டிருக்கும் என்பதும் இம்முறையின் குறைகள். இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளுவது தகும் என்றே கணக்கறிந்தவர்கள் கூறுவர்.

பரிகாரம் தெரிந்திருந்தும் அது எல்லா இடங்களிலும் செய்யப்படாமைக்குப் பணமில்லாமையே காரணமென்று பொதுவாகச் சொல்லப்படும். அது பாதி உண்மை. மற்றொரு பாதி யாதெனில், எந்தக் கம்பியில் எவ்வளவு நஷ்டமாகிறது என்பது அளந்து காணப்படாமையால், எந்தக் கம்பியை முதலில் சீர்ப்படுத்த வேண்டுமென்பதும் தெரியாமற் போகிறது. விவசாயப் பம்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. சில இடங்களில் மாதிரிக்காக வைத்த மீட்டர்களைக்கொண்டு மொத்தச் செலவு மதிக்கப்படுகிறது. விநியோக ஸ்தாபனம் வாங்கிய மின்சாரத்திலிருந்து மீட்டர் வழியாக விற்றதைக் கழித்தால் மீதமுள்ளதில் ஒரு பகுதி விவசாயம், மற்றொரு பகுதி கம்பியில் போன நஷ்டமும் களவும். இவ்விரண்டுக்கும் இடையில் எல்லைக்கல் நட்டவர் ஒருவருமில்லை. விவசாயத்தின் பேரில் அதிகமாக எழுதினால் நஷ்டம் குறைந்ததாகத் தோன்றும். எல்லைக்கல் இல்லாத நிலத்தில் பக்கத்து வயற்காரர் வரப்பை வெட்டுவதில்லையென்று உறுதிகூறக் கிராம அதிகாரி எவரும் முன்வரார்.

வேண்டுமென்றே அவ்விதம் எழுதப்படுகிறதென்று இங்குக் கூறப்படவில்லை. அவ்விதம் எழுதப்படவில்லை என்று காட்டுவதற்குச் சாதனம் இல்லை என்பதே விஷயம். இதனால் பழி ஏற்பவர் குடியானவர். மின்சார ஸ்தாபனங்களின் கடனைப் பற்றிப் பட்டணத்தில் பேச்சு எழும்போதெல்லாம், 'இலவச மின்சாரம் தின்று தீர்த்தது' என்னும் வார்த்தை கேட்கிறது. எவ்வளவு தின்றது என்று கேட்டால் விடை மதிப்பீடாகவே வரும்.

மீட்டர் என்றவுடன் குடியானவர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1970-ஆம் ஆண்டிலும் 1972-ஆம் ஆண்டிலும் பம்பு மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் நடந்த கிளர்ச்சிகளையும், மாட்டு வண்டிகள் நகரத்துச் சாலைகளை அடைத்து நின்றதையும், துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிரிழந்தவர்களையும் முதியோர் மறக்கவில்லை. யூனிட்டுக்குச் சில பைசாக்களே அன்றைய வழக்கு. அதன் பின்னர்தான் 1984-ஆம் ஆண்டில் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஆம் ஆண்டு முதல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லாத மின்சாரம் ஏற்பட்டது. இன்று மீட்டர், நாளை பட்டியல் என்னும் அச்சம் அனுபவத்திற் பிறந்த அச்சம். அதை அறியாமை என்று தள்ளுகிற உத்தியோகஸ்தர் கிராமத்தை அறியாதவர்.

ஆயினும் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியே இருப்பதைக் குடியானவர் அறிந்திருத்தல் நலம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு மீட்டர் இன்றி மின்சாரம் வழங்கலாகாது என்கிறது. அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு, எந்த வகுப்பாருக்கேனும் சலுகை அளிக்கச் சர்க்கார் விரும்பினால் அதற்குரிய தொகையை விநியோக ஸ்தாபனத்துக்கு முன்னதாகவே செலுத்த வேண்டும் என்கிறது. அளப்பது ஒன்று, பணம் கேட்பது மற்றொன்று. அளந்த பின்பும் சர்க்காரே முழுத் தொகையையும் செலுத்துவதற்குச் சட்டத்தில் தடை யாதொன்றும் இல்லை. இப்பொழுது அத்தொகை குதிரைச்சக்திக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்த வீதப்படி கணக்கிடப்படுகிறது. ஆறு மணி நேரம் ஓடிய மோட்டாருக்கும், கிணறு வற்றி ஆண்டு முழுவதும் ஓடாத மோட்டாருக்கும் ஒரே வீதம். இது எவருக்கும் திருப்தியளிக்கத்தக்க கணக்கன்று.

இவ்விஷயத்தில் நடுவழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பம்பிலும் மீட்டர் வைப்பதற்கு முன்பு, பீடர்களிலும் டிரான்ஸ்பார்மர்களிலும் வைக்கலாம். மத்திய சர்க்கார் 2021-ஆம் ஆண்டில் மின் விநியோகத்தைச் சீர்திருத்த 3,03,758 கோடி ரூபாய் மதிப்பில் வகுத்த திட்டத்தில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்பண மீட்டர் விதிக்கப்பட்டபோது, விவசாய இணைப்புகள் சிதறிக் கிடப்பதைக் கருதி அவை பீடர் மீட்டரின் வாயிலாகவே அளக்கப்படும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. இது ஏற்றுக்கொள்ளத்தக்க ஏற்பாடே. எனினும் ஒரு நிபந்தனை உண்டு. வீடு, மாவுமில், பம்பு எல்லாம் ஒரே பீடரில் தொங்குமாயின் பீடர் மீட்டர் சொல்லுவது ஒன்றுமில்லை. பம்புகளுக்கென்று பீடர் பிரிக்கப்பட வேண்டும்.

அங்ஙனம் பிரித்த தேசம் கூர்ஜரம். 2003-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்குள் ஜ்யோதிகிராம் என்னும் திட்டத்தால் அங்கே விவசாயப் பீடர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டன. கிராம வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரமும், பம்புகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் குறித்த வேளையில், முழு அழுத்தத்தில் மும்முனை மின்சாரமும் கொடுக்கப்பட்டன. வேளை நிச்சயமாயிருந்ததால் குடியானவர் இரவெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் நீங்கிற்று. ஆனால் பிறர் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிச் சாகுபடி செய்த நிலமற்றோருக்கும் குத்தகைதாரருக்கும் தண்ணீர் அருகி விலையேறிற்று. வங்காளத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் குழாய்க்கிணறுகளுக்கு மீட்டர் வைத்து, வேளைக்கேற்ற கட்டணம் விதித்தபோதும் இதுவே நேர்ந்தது. பம்புச் சொந்தக்காரர் பலருக்குச் செலவு குறைந்தது, தண்ணீர் வாங்கியவருக்கு இலாபமில்லை. நிலச்சுவான்தார்கள் படிக்கும் பத்திரிகையாயினும், இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தோட்டத்து ஓரத்தில் பங்குக்குப் பயிரிடுவோரின் நிலையையும் சீர்திருத்தம் செய்வோர் கருத வேண்டும்.

பீடர் பிரிப்பதால் மற்றொரு நன்மை இப்பொழுது புதிதாகக் கிடைக்கத்தக்கது. இம்மாகாணத்தில் பல ஆண்டுகள் பம்புகளுக்குப் பகலில் ஆறு மணி, இரவில் மூன்று மணி என்று மும்முனை மின்சாரம் பங்கிடப்பட்டது. இரவு மின்சாரத்துக்காக வரப்பில் நடந்து பாம்பு தீண்டியவர்களும், ஈரக் கையோடு சுவிட்சுப் பலகையைத் தொட்டு மாண்டவர்களும் உண்டு. சூரிய ஒளி மின்சாரமோ பகலிலேயே உண்டாவது. பம்பு ஓட வேண்டிய வேளையும் பகலே. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய குசும் திட்டத்தில் விவசாயப் பீடருக்கென்று துணைமின் நிலையத்தருகே சூரிய நிலையம் அமைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரம் இவ்வழியில் முன்னே சென்றிருக்கிறது. கிணற்றுக்குக் கிணறு தனித்தனிச் சூரியத் தகடு வைப்பதைக் காட்டிலும், கம்பி ஏற்கெனவே உள்ள ஊர்களில் இது சிக்கனமானது. கம்பி எட்டாத தோட்டங்களுக்கு மாத்திரம் தனித்தகடு பொருந்தும். பகலில் இலவசமாகத் தடையின்றி இறைக்கும் வசதி நிலத்தடி நீரை இன்னும் விரைவில் வற்றச் செய்யாதா என்பது வேறு கேள்வி. ஆயிரமடி ஆழ்துளை இட்டும் ஈரம் காணாத ஊர்களில் அக்கேள்விக்கு மின்சார ஸ்தாபனம் மட்டும் விடை சொல்ல இயலாது.

குடியானவர் தரப்பிலும் செய்ய வேண்டியவை சில உள. மோட்டாருக்கு அருகில் தகுந்த கபாசிட்டரைப் பொருத்தி மின்திறன் காரணியை 0.7-லிருந்து 0.9-க்கு உயர்த்தினால் கம்பியில் ஆகும் நஷ்டம் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். இதற்கு ஆகும் செலவு ஒரு முறை சுருள் கட்டும் கூலியைவிடக் குறைவு. ஆயினும் கபாசிட்டர் கெட்டுப் போனால் மாற்றுவோர் அரியர். ஒருமுனை மின்சாரம் மட்டும் வரும் வேளையில் கண்டென்சர் கட்டி மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கம் அதனினும் கொடிது. அது ஓட்டுபவரின் மோட்டாரையும் ஊராரின் டிரான்ஸ்பார்மரையும் ஒருங்கே கெடுக்கும். மாட்டியுள்ள குதிரைச்சக்தியை மறைப்பவர் பக்கத்துக் கிணற்றுக்காரரின் பங்கைத்தான் எடுக்கிறாரேயன்றி சர்க்காரின் பங்கை அன்று. 2021-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பெற்றபோது, பல ஆண்டுகளாகக் காத்திருந்தோர் மகிழ்ந்தது இயல்பே. இணைப்பு பெருகிய அளவுக்கு டிரான்ஸ்பார்மர் பெருகிற்றா என்பதை ஊர்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விநியோகத்தை நடத்தும் ஸ்தாபனத்தின் பெயரும் அமைப்பும் அடிக்கடி மாறியிருக்கின்றன. 2010-ஆம் ஆண்டில் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் உற்பத்தி ஒரு கழகமாகவும் பகிர்மானம் மற்றொரு கழகமாகவும் மீண்டும் பிரிந்தன. பலகையின் எழுத்து மாறினாலும் கம்பத்தின் சாய்வு மாறாதென்று கிராமத்தில் கேலி செய்வர். கேலி செய்வோர் பெரும்பாலும் அறியாத ஒரு வாயில் 1999-ஆம் ஆண்டு முதல் திறந்திருக்கிறது. அதுவே மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பகிர்மானக் கழகம் தன் வரவு செலவு, முதலீடு, நஷ்ட வீதம் ஆகியவற்றைக் காட்டி அதன் அனுமதியின்றிக் கட்டணம் மாற்ற இயலாது. விண்ணப்பம் பிரசுரிக்கப்பட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, 120 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவு பிறப்பிக்க வேண்டுமென்பது சட்டம். 2022-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் அவ்விசாரணை நடந்தது. இத்தகைய விசாரணைகளுக்கு ஆலைக்காரர் சங்கங்கள் வழக்கறிஞரோடும் கணக்கரோடும் வருகின்றன. குடியானவரோ, கட்டணம் தமக்கில்லை என்னும் எண்ணத்தால் வாராதிருக்கின்றனர். கட்டணம் இல்லாதவருக்கும் கம்பி உண்டு. எந்தத் துணைமின் நிலையம் பெருக்கப்படும், எந்தப் பீடர் பிரிக்கப்படும் என்பதற்கான செலவும் அந்த ஆணையத்தின் முன்னேதான் வைக்கப்படுகிறது.

மாற்றாமல் கிடக்கும் டிரான்ஸ்பார்மர், தாழ்ந்த அழுத்தம் முதலியவற்றுக்குச் சேவைத் தரம் என்னும் விதிகள் உண்டு. தவறினால் நஷ்டஈடு கோரவும் இடமுண்டு. முதலில் கழகத்தின் குறைதீர் மன்றத்திலும், அங்கு நியாயம் கிடைக்காவிடில் மின்குறைதீர்ப்பாளரிடத்திலும் முறையிடலாம். வாய்மொழியாகச் சொன்ன குறைக்குத் தேதி இல்லை. ஆகையால் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் தத்தம் ஊரில் உள்ள டிரான்ஸ்பார்மர்களுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது தகும். டிரான்ஸ்பார்மரின் எண், அதன் கே.வி.ஏ., அதில் தொங்கும் பம்புகளின் தொகை, மாட்டியுள்ள உண்மையான குதிரைச்சக்தி, எரிந்த நாள், மாற்றிய நாள், காலை எட்டு மணிக்குக் கோடிக் கிணற்றில் கண்ட அழுத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் மீட்டர் பட்டறைக்காரரிடத்தில் இரவலாகக் கிடைக்கும். நிலவரி அடங்கல் எழுதும் கைக்கு இது பெரிய வேலையன்று. அடுத்த கட்டண விசாரணைக்கு அறிவிப்பு வரும்போது, இப்பதிவேட்டின் பிரதியோடு ஒரு பக்க மனுவை ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்பலாம். விசாரணை நாளில் கோடிக் கிணற்றுக்காரர் ஒருவரையே பேசச் சொல்லுதல் நன்று.